பவுடர் நின்ற இடம்

பவுடர் மறுபடியும் நின்றது. அந்த வெள்ளைக் குதிரையின் முதுகில் துருவன் இருந்தான். தசைகள் தளர்ந்துகொண்டே வரும் அவனுக்குக் குதிரையின் நடை நல்லது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் அவன் அம்மா ஹேமா பஸ் மாறி பஸ் ஏறி இந்தக் குதிரைப் பண்ணைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"என்னண்ணே, இதுக்கு வயசாயிருச்சா? முன்னெல்லாம் நிக்காம சுத்தி வரும். இப்ப நாலு அடிக்கு ஒரு தடவை நின்னு படுத்துது."

கயிற்றைப் பிடித்திருந்த ஜமால் குதிரையின் கழுத்தைத் தடவினார்.

"வயசெல்லாம் இல்லம்மா. மேல இருக்கிற பிள்ளை ஒரு பக்கமா சரிஞ்சா நின்னுரணும்னு பழக்கியிருக்கு."

ஹேமா மகனைப் பார்த்தாள். நேராகத்தான் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. இருந்தாலும் அவன் இடுப்பில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தாங்கினாள். பவுடர் நடந்தது.

"அம்மா, பவுடருக்குத் தூக்கம் வந்துச்சா?"

"ஆமாப்பா. அதுக்கு அசதி."

ஒரு சுற்று முடிவதற்குள் அவளுக்குத் தோள் கடுத்தது. ஜமாலைப் பார்த்தாள். அவர் மண்ணைப் பார்த்தபடி நடந்தார். மகனின் இடுப்பிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசி விரலை எடுக்காமலே அடுத்த சுற்றையும் நடந்தாள்.