பாலத்தைத் தாண்டி ஒரு முயல்

ஜொலோன் முயலைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டான்.

பின்னங்கால்களை இடுப்பு வாரில் செருகி, அவசரமாகப் பொத்தான்களைப் போட்டு, இடது கையால் அமுக்கிப் பிடித்தான். செத்த முயலின் சூடு வயிற்றில் பட்டது. கூடவே ரத்தமும்.

பாலத்தைத் தாண்டிவிட்டால் வீடு. ஆனால் பாலத்தில் மம்பெத் இருப்பார்.

மலையில் பனி விழ ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை மறித்து "ஷிரல்கா" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்துவிட்டால் வேட்டைக்காரன் பங்கு கொடுத்தே ஆகவேண்டும். மாட்டேன் என்றால் அவன் துப்பாக்கி அப்புறம் எதையும் கொல்லாது. ஜொலோனின் துப்பாக்கி அந்தச் சாபம் இல்லாமலேயே எதையும் கொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஷிரல்கா கேட்கிற மற்றவர்கள் ஒரு தொடையோடு விட்டுவிடுவார்கள். மம்பெத் முழு முயலையும் வாங்கிக்கொண்டு போவார். தனிக்கட்டை. இத்தனை முயலை எந்த வயிற்றில் போடுகிறார் என்று ஊரே கேட்டது.

இன்றைக்கு மட்டும் கொடுக்க முடியாது. ஜொலோனின் பெண்டாட்டி புருல் மசக்கையில் கிடக்கிறாள். ரொட்டி இறங்கவில்லை, ஆட்டுக்கறி இறங்கவில்லை. முயல்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறாள். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. நாள் கணக்காக அலைந்து, இன்றுதான் ஒரு முயல் வழி தெரியாமல் அவன் குண்டுக்குக் குறுக்கே வந்து விழுந்தது.

மம்பெத் பாலத்தடியில் ஓடைத் தண்ணீர் பக்கம் குந்தியிருந்தார். முன்னால் ஒரு எனாமல் பேசின். அதில் துண்டு போட்ட முயல்கறி.

ஏற்கெனவே எவன் வயிற்றிலோ அடித்தாயிற்று, என்று நினைத்துக்கொண்டான் ஜொலோன்.

"வாடா வேட்டைக்காரா. எங்க இம்புட்டு வேகமா?"

"குளிருண்ணே."

"குளிருக்கு வயித்தை ஏன் புடிச்சுருக்க?"

"வாயுண்ணே."

"சுட்ட குண்டு திரும்பி வந்து உள்ள போயிருச்சோன்னு நெனச்சேன்."

ஜொலோன் சிரித்து வைத்தான்.

"இது எசென் சுட்டுக்கிட்டு வந்தது, நேத்து புடுங்கினேன்" என்று மம்பெத் கொஞ்சமும் வெட்கமில்லாமல் கறியைக் காட்டினார். "மூஞ்சியை முழ நீளம் வச்சுக்கிட்டுக் குடுத்தான். ராத்திரி பூரா தண்ணியில ஊறப்போட்டேன். ரத்தம் போனாத்தான் கவுச்சி போகும். இந்தா பாரு, நீலமா ஒரு சவ்வு. இதை உரிக்காம சட்டியில போட்டா, குதிரைச் சேணத்தை மெல்றாப்ல இருக்கும்."

"சரிண்ணே, நான் வரட்டா?"

"இருடா. இந்த முயல் பயலுக்குக் கொழுப்புங்கறதே கிடையாது. ஓடி ஓடியே தேஞ்ச ஜென்மம். செம்மறி வால்கொழுப்பை நறுக்கி, உருக்கி, அதுலதான் வதக்கணும்."

கோட்டுக்குள் ரத்தம் தொடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மம்பெத்தின் நாய் எழுந்து வந்து ஜொலோனின் வயிற்றை மோந்தது. முழங்காலால் தள்ளிவிட்டான். திரும்ப வந்து மோந்தது.

"அதுக்கு உன்மேல என்னடா இம்புட்டுப் பாசம்?"

"நானும் அதைத்தாண்ணே பாக்கறேன்."

"சரி, இன்னிக்கு என்ன கெடச்சுது?"

வந்துவிட்டது. அடுத்தது அந்தச் சொல்தான்.

"ஒண்ணுமில்லண்ணே. புழுக்கையைக்கூடக் கண்ணால பாக்கல."

"நெசமாவா?"

"என் துப்பாக்கி மேல சத்தியம்."

"உன் துப்பாக்கியை முயலே நம்பாதுடா."

மம்பெத் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். பேசினை நீட்டினார்.

"புடி."

"எதுக்குண்ணே?"

"உன் பொண்டாட்டி எசென் வீட்டு வேலியில ஏறி நின்னு அடுப்புப் புகையை மோந்துக்கிட்டிருக்காளாம். நீ சுட்டு அவ திங்கறதுன்னா, புள்ள பொறந்து அதுவே வேட்டைக்குப் போயிரும். அதான் எசென்கிட்ட முழுசா வேணும்னு கேட்டேன்."

"அப்ப... இத்தனை நாள் வாங்கினதெல்லாம்?"

"பள்ளத்து வீட்டுல ஒருத்தன் ரத்தமா இருமிக்கிட்டுக் கெடக்கானே, அவனுக்குப் போச்சு. இந்தத் தடவை உங்க வீட்டு முறை. வால்கொழுப்பும் அடியில வச்சுருக்கேன்."

ஜொலோன் பேசினைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாமா? சொன்னால், இப்போதுதான் போட்ட சத்தியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"வேண்டாண்ணே..."

"வேண்டாங்க நீ யாருடா? மசக்கை உனக்கா?"

இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டான். பேசின் கனத்தது. வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"நில்லு. காது வெளியே தெரியுது."

"குல்லா போட்டிருக்கேனேண்ணே."

மம்பெத் கிட்டே வந்து, அவன் மார்பில் திறந்து கிடந்த பொத்தானை மெதுவாக மாட்டிவிட்டார்.

"உன் காதைச் சொல்லலடா. நீ மேட்டுல எறங்கும்போதே பாத்தேன், முயலோட காதை. இனிமே மூடிக்கிட்டுப் போ, தெருவுல எவனாவது ஷிரல்கான்னு கேட்டுத் தொலைக்கப் போறான்."