காட்டுக்குள் ஒரு சுளுக்கு

"இனிமே என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாதுங்க. கால் சுளுக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள் அவள்.

அவனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"சுளுக்கறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா உனக்கு?"

அவன் கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். பார்சல் கொடுக்கக் கிளம்புகிறவர்களிடம், "ஊர் மேப்பே என் தலைக்குள்ள இருக்குப்பா" என்பான். இதுவரை யாரிடமும் வழி கேட்டதில்லை. அந்தத் தலையை நம்பித்தான், அருவிக்குக் குறுக்குவழி தெரியும் என்று காரை ரோட்டோரம் விட்டுவிட்டு, மனைவியைக் காட்டுக்குள் கூட்டி வந்திருந்தான்.

அருவியும் இல்லை, இப்போது ரோடும் இல்லை. மூடுபனிதான் பாலைக் கொட்டினாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் செத்து வெகுநேரமாயிற்று.

"இப்படியே கீழே இறங்கினா ரோடு வந்துடும். எங்க அக்கா வீட்டுல பாப்பா வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. இருட்டறதுக்குள்ள போகணும்."

"எனக்கு மட்டும் பாப்பா ஞாபகம் இல்லையா? கால் வரமாட்டேங்குதே!"

"அப்ப நீ இங்கயே இரு. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"ஐயோ, என்னைத் தனியா விட்டுட்டா? பயத்துலயே என் உசிரு போயிடும்" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

தலையெழுத்தே என்று உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான்.

அதோடு விட்டாளா?

"ஏங்க, காத்து முதுகுல குத்துது."

இரண்டு பாறைகளுக்கு நடுவே சருகை அள்ளிப் போட்டு, மேலே கிளைகளைச் சாய்த்து வைத்தான்.

"ஏங்க, குளிருது. தீ மூட்டுங்களேன்."

"தீப்பெட்டிக்கு எங்கே போறது?"

"பேன்ட் பாக்கெட்டுலதான் லைட்டர் இருக்கே."

சிகரெட்டை அடியோடு விட்டாச்சு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தவன், மறுபேச்சுப் பேசாமல் சுள்ளி பொறுக்க எழுந்தான்.

"என் கண்ணுக்குத் தெரியுற தூரத்துலயே பொறுக்குங்க!"

தாகமாக இருக்கிறது என்று கையை நீட்டினால், மடியில் வைத்திருந்த பாட்டிலிலிருந்து ஒரே ஒரு வாய்தான் கொடுத்தாள். "மிச்சம் எனக்கு வேணும்."

'தன்னலம் பிடிச்சவ' என்று பல்லைக் கடித்தான்.

"ஏங்க, கொசு பிடுங்குது. பச்சை இலையைப் போட்டுப் புகை போடுங்க. அப்படியே இந்தச் சால்வையை அந்த உசந்த கிளையில காயப் போடுங்க. நனைஞ்சு போச்சு."

மிளகாய்ப்பழச் சிவப்பில் சால்வை.

"இந்தப் பனியில துணி காயுமாடி?"

"காயுறப்போ காயட்டும்."

வேலையெல்லாம் முடித்துத் தீயோரம் உட்கார்ந்தான். மரங்கள் விருந்தாளிகளைப் போல ஒவ்வொன்றாய்ப் பனிக்குள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. காட்டில் இருக்கிறோமா, வீட்டில் இருக்கிறோமா என்றே தெரியவில்லை. கண் செருகியது. பனியை விலக்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு பாப்பா வந்தாள். "அப்பா, உனக்கு வழி தெரியுமா?" என்றாள். தெரியாது என்ற சொல் கனவில்கூட அவன் வாயில் வரவில்லை.

"ஏங்க, தூங்காதீங்க. பயமா இருக்கு. சத்தமா ஒரு பாட்டுப் பாடுங்க."

"என் பாட்டைக் கேட்டா பேய்கூட ஓடிப்போயிடும்."

"ஓடட்டும். நல்லதுதானே? பாடுங்க."

தொண்டை கிழியப் பாடினான். பனி அந்தப் பாட்டை வாங்கிக்கொண்டு போய், கொஞ்சம் பொறுத்து வேறெங்கிருந்தோ திருப்பிக் கொடுத்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, தூரத்தில்.

அந்தி மங்கும் நேரத்தில் மேலே ஒரு விசில் கேட்டது. டார்ச் வெளிச்சத்தோடு வனக்காவலர் இறங்கி வந்தார்.

"ரோட்டுல ஒரு கார் ரொம்ப நேரமா அநாதையா நிக்குதேன்னு தேடி வந்தேன் சார். முதல்ல புகை வாசனை வந்துச்சு. கிட்ட வந்தா சிவப்பா ஒரு துணி. அப்புறம்..." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்புறம் பாட்டு."

டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்தார். "பரவாயில்லையே! வழி தவறினவங்க நின்ன இடத்துல நிக்கவே மாட்டாங்க சார். பதற்றத்துல நடந்துக்கிட்டே இருப்பாங்க. நீங்க ஒரே இடத்துல உட்கார்ந்து, காத்துக்கு மறைப்புக் கட்டி, தீ மூட்டி, தண்ணியையும் மிச்சம் பிடிச்சு வச்சிருக்கீங்க. எங்க பயிற்சியில இதைத்தான் வரிசையா சொல்லித் தருவாங்க. இந்தப் பக்கமா மட்டும் இறங்கியிருந்தீங்கன்னா..."

டார்ச்சைக் கீழே திருப்பினார். கூப்பிடு தூரம்கூட இல்லை. அதற்கப்பால் தரையே இல்லை. உள்ளே விழுந்த வெளிச்சம் எதிலும் படவில்லை.

அவன் பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டான்.

"இதெல்லாம் யாரு சார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எல்லாம் அவரே பண்ணதுதாங்க. எனக்கு என்ன தெரியும்? நான்தான் காலைச் சுளுக்கிக்கிட்டு அவருக்குப் பாரமா உட்கார்ந்திருந்தேன்."

"கெட்டிக்காரர்மா உங்க வீட்டுக்காரர். வாங்க, மேல ஜீப் நிக்குது" என்று தீயை மிதித்து அணைத்துவிட்டு முன்னால் நடந்தார் காவலர்.

அவன் குனிந்தான். "தோளைப் பிடிச்சுக்கோ. தூக்கிட்டுப் போறேன்."

அவள் கிளையிலிருந்த சால்வையை எட்டி உருவி, உதறிப் போர்த்திக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவி விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

"ஏய்... உன் கால்?"

"உஷ்! பேசாம வாங்க."

முன்னால் போன காவலர் திரும்பி டார்ச்சைக் காட்டினார்.

சட்டென்று அவன் தோளைப் பற்றிக்கொண்டு நொண்ட ஆரம்பித்தாள் அவள்.