வேனுக்குப் போன டிவி

"அப்பாவோட டிவி எங்க?"

ஓசூரிலிருந்து பென்னாகரத்துக்கு வந்திறங்கிய சசிகலா, பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள். சுவரில் டிவி இருந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருந்தன. எதிரே கட்டிலில் அப்பா சென்னப்பன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

தம்பி மனைவி மலர்விழி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"அவர் வேன்ல மாட்டறாருங்க அண்ணி. இன்னைக்குச் சித்தேரிக்குப் போறோம், எங்கம்மா வூட்டுக்கு."

"உங்க டூருக்கு எங்கப்பா டிவிதான் கெடச்சுதா? அதுதானே அவருக்குத் துணை."

சசிகலா தண்ணீரை வாங்காமலே வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் நின்றிருந்தது அந்த வேன். கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய வண்டி. தம்பி தமிழ்மணி அதை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் என்று ஒரு வீடாகவே மாற்றியிருந்தான். பென்னாகரத்துச் சொந்தக்காரர்கள் போனில் சொல்லிச் சிரித்தபோதே சசிகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே தமிழ்மணி கட்டிலுக்கு எதிரே ஒரு பழைய பலகையை முடுக்கிக்கொண்டிருந்தான். அதன் மேல் இரண்டு துருப்பிடித்த இரும்புப் பட்டைகள். டிவி அதிராமலிருக்க நடுவில் வெட்டி வைத்த சைக்கிள் டியூப். விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கார் சீட் பெல்ட்.

"வாக்கா. இதோ, அப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சுடணும்."

"அவரு எழுந்து டிவி எங்கன்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"அவரும் நம்மகூடத்தான் வர்றாரு."

"ஞாபகம் தப்பிப்போன மனுசனை மலைக்கு இழுத்துட்டுப் போறியா? பொண்டாட்டியோட ஊர் சுத்தற ஆசை உன்னை இந்த அளவுக்கு ஆட்டுதா?"

தமிழ்மணி டிவியைத் தூக்கி மாட்டினான்.

"கோணலா இருக்குது" என்றாள் சசிகலா.

"இருக்கட்டும்."

"வலது பக்கம் நல்லாவே எறங்கியிருக்குதுடா. இந்தக் குப்பையெல்லாம் வச்சுக் கட்டறதுக்கு, கடையில ஒரு ஸ்டாண்டு வாங்கினா என்ன? அதுலயுமா கஞ்சத்தனம்?"

"கடை ஸ்டாண்டு சரிப்படாதுக்கா" என்றவன், கட்டிலில் படுத்து ஒரு தடவை டிவியைப் பார்த்தான். எழுந்து வலது பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"நானும் வர்றேன். அப்பாவை உங்களை நம்பி அனுப்ப முடியாது" என்றாள் சசிகலா.

"வாக்கா. நல்லதுதான்."

அப்பாவை அரைத் தூக்கத்தில் கைத்தாங்கலாக அழைத்து வந்து வேன் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவருடைய அதே போர்வை, அதே தலையணை. வண்டி தர்மபுரியைத் தாண்டும்வரை அவர் கண் திறக்கவில்லை.

அரூர் நெருங்கும்போது ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. அப்பா விழித்துவிட்டார்.

"இது யாரு எடம்? நான் எங்க இருக்கறேன்?" போர்வையை உதறினார். "என்னை எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." எழுந்து கதவைத் தேடினார். பிடிக்கப்போன சசிகலாவின் கையைத் தட்டிவிட்டார். மகள் என்று அவருக்குத் தெரியவில்லை.

தமிழ்மணி வண்டியை ஓரங்கட்டினான். மலர்விழி பதறாமல் எட்டி டிவியைப் போட்டாள். பழைய பாட்டு ஒன்று ஓடியது.

அப்பா திரும்பினார். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இந்தத் தமிழுகிட்ட எத்தனை வாட்டி சொல்றது? டிவி கோணலா தொங்குது, ஆணியை நல்லா அடிடான்னு. அப்படியேதான் போட்டு வச்சிருக்கறான்."

"நாளைக்குச் செய்யச் சொல்றேனுங்க மாமா" என்றாள் மலர்விழி.

"தினமும் இதைத்தான் சொல்ற" என்று முனகியபடி அவர் காலை நீட்டிக்கொண்டார்.

சசிகலாவுக்கு வீட்டுச் சுவரில் கோணலாகத் தொங்கிய டிவி ஞாபகம் வந்தது.

மலர்விழி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன தடவை டிவி இல்லாம கெளம்பினோமுங்க அண்ணி. தர்மபுரி தாண்டறதுக்குள்ள இதே மாதிரி ஒரே அழுகை. வண்டியைத் திருப்பிட்டோம். வேற யாரு வூட்டுலயும் மாமா தங்க மாட்டேங்கறாரு. அதான் இவரு வூட்டையே கூட எடுத்துட்டுப் போலாம்னு..."

சசிகலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன மாதம் தம்பி போன் செய்திருந்தான். மலரோட அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ரெண்டு நாள் மட்டும் அப்பாவை வச்சுக்கறியாக்கா என்று கேட்டிருந்தான். பையனுக்குப் பரீட்சை என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று பிறகு கேட்கக்கூட இல்லை.

மலைப்பாதையில் வண்டி மெதுவாக ஏறியது. சித்தேரியில் ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் தமிழ்மணி வேனை நிறுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் மலர்விழியின் அம்மா காசியம்மாள், கறுப்புக் கண்ணாடியோடு சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

மலர்விழி வேன் கதவைத் திறந்தாள். ஆனால் இறங்கவில்லை. மாமனாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போ மலரு. நான் இருக்கறேன். ராத்திரியும் நானே பாத்துக்கறேன்" என்று சசிகலா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

அப்போதும் மலர்விழிக்குக் கால் வரவில்லை.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ஏம்மா மலரு, உங்காத்தா வூட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சே. போயி ரெண்டு நாள் இருந்துட்டு வா. வூட்டை நான் பாத்துக்கறேன்."