சலாம் பாய் வழிவிடவில்லை

"இந்த வாசப்படியில ஒருத்தனும் கால் வைக்கக் கூடாது!"

அரிசிக்கடை அப்துல் சலாம் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வழியை அடைத்து நின்றார். எதிரே பொன்மலை ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள். முன்னால் நின்ற அழகிரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அவர்கள் வீட்டில் உலை கொதித்ததே இந்த மனிதர் அளந்து கொடுத்த அரிசியில்தான்.

சங்கத் தலைவர் வீரமலை பின்தெருவில் பிச்சமுத்து வீட்டில் பதுங்கியிருந்தார். அந்தத் தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ். சலாம் வீட்டுக் கொல்லை வழியாகப் பிச்சமுத்து வீட்டுக்குள் புகுந்து, கும்பலோடு கும்பலாகத் தலைவரை வெளியே கொண்டுவருவதாகத் திட்டம்.

"நேத்து சரின்னீங்களே பாய்! அவரு எலிப்பொறியில மாட்டுன மாதிரி உக்காந்திருக்காரு."

"நேத்துப் பேச்சு நேத்தோட போச்சு. நானும் எம் பொஞ்சாதியும் நோம்பு புடிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கோம். போலீஸை என் வீட்டுக்குள்ள இழுத்து விடாதீங்கப்பா!"

தெருமுனையில் இன்ஸ்பெக்டரும் ஏட்டு ஜமாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பத்தேழாம் வருஷத்து ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது.

"நம்புனதுக்கு நல்லாச் செஞ்சீங்க, பாய்" என்றான் அழகிரி.

இனி ஒரே வழிதான். பாலக்கரை கடைத்தெருவில் போய்க் கோஷம் போட்டுப் போலீஸை அங்கே இழுப்பது. அந்த இடைவெளியில் தலைவர் தப்பினால் அவர் அதிர்ஷ்டம். கும்பல் கத்திக்கொண்டே கிளம்பியது, போலீஸில் பாதிப்பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

மீதிப்பேரோடு இன்ஸ்பெக்டர் பிச்சமுத்து வீட்டுக் கதவை உடைத்தார். பரணில் இருந்த பானையைக்கூட விடாமல் தேடினார்கள். ஆள் இல்லை.

வெறுங்கையோடு திரும்பிய இன்ஸ்பெக்டர், சலாம் வீட்டைப் பார்த்ததும் நின்றார். "இங்கேயும் பாத்துடலாமா?"

சலாமின் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்கு சார்?" என்றார் ஜமால். "அவனுங்களையே உள்ள விடாம விரட்டுனாரு. நம்ம கண்ணால பாத்தோமே."

அதுவும் சரிதான் என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தார். ஜமால் மட்டும் இரண்டடி பின்தங்கி, சலாமிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அடுப்படி ஜன்னலைச் சாத்துங்க பாய். நோம்பு வீட்ல பட்டப்பகல்ல யாருக்குத் தாளிக்கிறீங்கன்னு அவரு கேட்டுடப் போறாரு."