மூன்றாவது அழைப்பு

பொம்மைக் கம்பெனியின் சோதனை அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் தண்ணீர்த் துப்பாக்கி. பாய்ச்சல் ஏழு மீட்டர், விளக்கு மூன்று நிறம், சத்தம் தெளிவு என்று தாளில் எழுதியாயிற்று. எதிர்ச்சுவரில் ஈரம் இன்னும் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு சோதனை. யாரும் தொடாமல் விட்டால் துப்பாக்கி நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிட வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் தானாக அணைந்துபோக வேண்டும். அவள் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய கைப்பேசி, காலையிலிருந்து வாய் திறக்காமல் கிடக்கிறது. துப்பாக்கியில் நீல விளக்கு மினுங்குகிறது. "வா, விளையாடலாம்!" குழந்தைக் குரல். மூலைக் குழாய் சொட்டுகிறது. "எங்க போயிட்டே?" இரண்டாவது அழைப்பு. கதவைத் திறந்து கூட வேலை செய்பவள் எட்டிப் பார்க்கிறாள். "அக்கா, எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. வரலையா?" "இது அணையட்டும், வந்துடறேன்." "பத்து நிமிஷம் முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க." கதவு சாத்திக்கொள்கிறது. நீலம் மங்குகிறது. "நான் இங்கதான் இருக்கேன்." கடைசி அழைப்பு. இன்னும் பத்து நொடி சும்மா இருந்தால் போதும், வேலை முடிந்துவிடும். அவள் கை மடியை விட்டு எழுகிறது. விசையை அழுத்துகிறாள். தண்ணீர் சுவரில் பட்டுச் சிதற, துப்பாக்கி கலகலவென்று சிரிக்கிறது. ஸ்டாப்வாட்ச்சை நாலாவது தடவையாகப் பூஜ்யத்தில் வைக்கிறாள்.