எண்பத்தேழாவது கிறுக்கல்

"இது யார் பேரு, கொத்தனாரே?"

தூணுக்கு முன்னால் நின்று பொறியாளர் கேட்டாள்.

ஆயிரம் வருஷத்துக் கோயில். கும்பிட வருகிறவர்கள் சும்மா கும்பிட்டுவிட்டுப் போவார்களா? சாமி தங்களை மறந்துவிடுவார் என்ற பயமோ என்னமோ, ஆணியாலும் சாவியாலும் மண்டபத்துத் தூண்களில் பெயரைக் கீறிவைத்திருந்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று கிறுக்கல்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எண் போட்டு, கோப்பில் சேர்த்திருந்தாள் பொறியாளர். கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்து அத்தனையையும் அடைக்க வேண்டும், ஒரு எழுத்துகூட மிஞ்சக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாள்.

இந்த விஷயத்தில் அவளுக்கு இரக்கமே கிடையாது. போன வாரம்கூட, ஆணியோடு நின்ற ஒரு புது மாப்பிள்ளையை மனைவியின் முன்னாலேயே நிறுத்தி, நறுக்கென்று நாலு கேள்வி கேட்டு அனுப்பியவள்.

ஒரு மாதத்தில் கொத்தனார் வேலையை முடித்துவிட்டார். இன்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தூண் தூணாகப் பார்த்து வந்தாள். எல்லாம் சுத்தம். எண்பத்தேழாம் எண் மட்டும் இருந்தது. இடுப்பு உயரத்தில், மூன்றே எழுத்து. அதுவும் பழைய கீறல் இல்லை. ஈரம் காயாத புது எழுத்து.

"நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா, மேடம்."

அவளுக்கு வந்ததே கோபம். இருபது வருஷமாகக் கோயில் கோயிலாகப் போய்த் தூண்களைச் சரிசெய்கிற மனுஷர். அவரே கை வைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மகள் பெயரா, பேரன் பெயரா என்று கேட்டுப் பார்த்தாள். கொத்தனார் வாயே திறக்கவில்லை. இந்தக் கோயிலில் மட்டுமில்லை, இனி எந்தக் கோயில் வேலைக்கும் அவரைக் கூப்பிடக் கூடாது என்று எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னாள். அவர் முகம் செத்துப்போயிற்று. இதைத் தவிர வேறு வேலை தெரியாதவர்.

"சாயங்காலம் வரைக்கும் விட்டு வைங்க மேடம். அப்புறம் நானே அழிச்சிடறேன். நீங்க எழுதறதை அதுக்கப்புறம் எழுதிக்குங்க."

அவள் கேட்கவில்லை. கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

அப்போதுதான் வயசான ஒரு அம்மா வந்தார்.

பக்கத்து மலையைச் சுற்றி எட்டுத் தலங்கள் இருக்கின்றன. இந்தக் கோயிலில் கும்பிட்டுக் கிளம்பி, மூன்று நாள் நடந்து எட்டையும் தரிசித்து, மறுபடி இங்கே வந்துதான் முடிக்க வேண்டும். அப்படி முடித்து வந்திருந்தார். கால் முழுக்கப் புழுதி, குதிகாலில் வெடிப்பு. ஆனால் சந்நிதிப் பக்கம் போகவில்லை. நேரே தூணுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளருக்குப் பாதி விளங்கியது.

"உங்க பையன் பேராம்மா?"

"ஆமாம்மா. பத்து வயசுல எழுதினான். சாமி வீட்டுத் தூணைக் கீறுறியேன்னு ஓங்கி அடிச்சிட்டேன். இதே இடத்துல. அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டான்."

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் வருகிறாராம். எட்டுத் தலத்திலும் எதுவும் வேண்டிக்கொள்வதில்லையாம். கடைசியில் இந்தத் தூணில் கை வைத்து, அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவாராம். இந்தத் தடவை கிளம்பும்போது ஒரு நடை வந்து பார்த்தால், தூண் மொழுமொழுவென்று இருந்தது. இங்கே என் பிள்ளை பேரு இருந்துச்சே என்று கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பேசாமல் நடக்கப் போய்விட்டார்.

கொத்தனார் இப்போது மெல்ல வாயைத் திறந்தார்.

"கல்லுல கை வைக்கல மேடம். அதை முன்னாடியே அடைச்சாச்சு. இன்னைக்குக் காலையில மேல மெல்லிசா ஒரு பூச்சு பூசி, அதுலதான் எழுதினேன். சுரண்டினா வந்துடும். மூணு நாள் நடந்து வர்றவங்க வெறும் தூணைப் பார்க்க வேண்டாமேன்னு நினைச்சேன். முன்னாடியே சொன்னா, உடனே அழிக்கச் சொல்லிடுவீங்கன்னு பயம்."

பொறியாளர் எழுதவும் இல்லை, கோப்பை மூடவும் இல்லை.

அந்த அம்மா முதல் எழுத்தில் விரலை வைத்தார். இரண்டாவதைத் தடவினார். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது.

"தூரத்துல பார்த்ததும் சாமிதான் திருப்பிக் குடுத்துட்டாருன்னு நினைச்சேன். உங்க கையா, தம்பி? நல்லா இருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவன் எழுத்து இவ்வளவு அழகா இருக்காது. கடைசி எழுத்தை எழுதும்போதுதான் அடிச்சேன். ஆணி சறுக்கி, கோடு கீழ வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. அந்தக் கோட்டைத்தான் வருஷா வருஷம் தடவிட்டுப் போவேன்."

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். கோணலைக் கண்டால் நிமிர்த்தாமல் விடாத கை அது. பழக்கதோஷத்தில் கடைசி எழுத்தையும் ஒழுங்காக்கிவிட்டது.

அந்த அம்மா எழுந்திருக்கப் போனார். பொறியாளர் அவர் தோளைத் தொட்டு, கொஞ்சம் இருக்கச் சொன்னாள். கோப்பைப் புரட்டி, எண்பத்தேழாம் எண் போட்டோவை உருவி, கொத்தனார் கையில் கொடுத்தாள்.

"கலவை இன்னும் காயல. அந்தக் கடைசி எழுத்தைக் கோணலாக்குங்க, கொத்தனாரே. இதுல எவ்வளவு தூரம் சறுக்கியிருக்கோ, அவ்வளவு தூரம்."