விளையாட்டு வீடு

மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்ட மழலையர் வகுப்பில், முழங்கால் மோவாயை இடிக்க, குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் இரவுக் காவலாளி. மனைவிக்குப் பகல் ஷிஃப்ட். நண்பகலில் வகுப்பு முடிந்ததும் மகளைக் கூட்டிப்போவது இவர்தான். சன்னலில் ஒட்டிய வண்ணக் கண்ணாடிக் காகித மீன்களின் நிறத்தை வெயில் தரையில் இறக்கியிருக்கிறது. களிமண் துணுக்குகளைப் பொறுக்கி உருட்டிக்கொண்டே டீச்சர் சொல்கிறார்: "எழுத்தெல்லாம் தானா வந்துடும். ஆனா இங்க வாயே திறக்க மாட்டேங்கறா. வீட்டுல அவகூடப் பேசுங்க. இன்னிக்கு என்ன பண்ணினேன்னு கேட்டாலே போதும்." "வீட்டுக்குப் போனதும் நான் தூங்கிடுவேன் டீச்சர். அவ சமத்து. ஒரு சத்தம் வராது." பெருமையாகத்தான் சொல்கிறார். டீச்சர் மூலையைப் பார்க்கிறார்.

அங்கே, அட்டைப்பெட்டியில் செய்த விளையாட்டு வீட்டுக்குள், அவருடைய மகள் பொம்மைக்குச் சோறூட்டுகிறாள். பிளாஸ்டிக் கரண்டி தட்டில் இடிக்காமல் இறங்கி ஏறுகிறது. அவர் எழுந்துபோய் அட்டை வாசலில் மண்டியிடுகிறார். "இன்னிக்கு என்னம்மா பண்ணினே?" அவள் உதட்டில் விரல் வைக்கிறாள். "மெதுவா. அப்பா தூங்குறாரு." "நான்தான் முழிச்சிட்டு இருக்கேனே, கண்ணு." "நீங்க இல்ல. இவளோட அப்பா." அவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். "அவர் எப்ப எழுந்திருப்பாரு?" அவள் பொம்மையின் முகத்தைப் பார்த்து யோசிக்கிறாள். "தெரியல. நாங்க எழுப்ப மாட்டோம்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வாயை ஓசைப்படாமல் ஊட்டுகிறாள்.